பெற்றோல் எஞ்சின் மாதிரி விமானத்தில் ரேடியோ இரைச்சல்: கண்டுபிடித்து நீக்கும் முறை

மின்மோட்டார் விமானத்திலோ குளோ எஞ்சினிலோ (தீப்பொறி இல்லாமல் சூடான கம்பியால் பற்றும் சிறிய எஞ்சின்) பழகிவிட்டு 20, 30, 55 சிசி பெற்றோல் எஞ்சினுக்கு மாறுகிறவர்களுக்குப் புதிதாக வந்து சேரும் சிக்கல் ஒன்று உண்டு. விமானத்தின் மூக்கிலேயே தீப்பொறி பறக்கிறது. 1880களின் பிற்பகுதியில் ஹேர்ட்ஸ் ரேடியோ அலைகளை உண்டாக்கிக் காட்டியதே தீப்பொறியைக் கொண்டுதான். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் பொறி பாயும்போது மின்னோட்டம் சில நானோ செக்கன்களில் ஏறி இறங்குகிறது. அந்த வேகமான ஏற்றமே அகன்ற அலைவரிசையில் இரைச்சலாக வெளியேறுகிறது. பிளக் வயர், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம், பக்கத்தில் ஓடும் சேர்வோ (விமானத்தின் பாகங்களை அசைக்கும் சிறு மோட்டார்) வயர் எல்லாம் அதற்கு ஏரியலாகிவிடும்.

ஒற்றைச் சிலிண்டர் இரு-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் செக்கனுக்கு 100 பொறி. பழைய 35 அல்லது 72 மெகா ஹேர்ட்ஸ் எஃப்எம் ரேடியோ ஏறத்தாழ 20 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை எல்லாச் சனல்களின் கட்டளையையும் ஒரு தொகுதியாக அனுப்பும். அப்படியானால் ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் இரண்டு பொறி விழுகிறது. கவசம் சரியில்லாத எஞ்சினில் சேர்வோக்கள் ஓயாமல் துடிப்பது இதனால்தான்.

இன்றைய 2.4 கிகா ஹேர்ட்ஸ் செற்றுகளில் நிலைமை வேறு. பொறியின் இரைச்சல் சில நூறு மெகா ஹேர்ட்ஸுக்குக் கீழேதான் வலுவாக இருக்கும், அதனால் ஏரியல் வழியாக நுழைவது குறைவு. "2.4-க்கு இக்னிஷன் இரைச்சல் பிரச்சினையே இல்லை" என்று பலர் சொல்வது இதை வைத்துத்தான். அது பாதி உண்மை. இரைச்சல் சேர்வோ வயர், பற்றரி வயர், சுவிட்ச் வயர் வழியாக ரிசீவரின் உள் மின்சுற்றுக்குள் போகும். அப்போது சேர்வோ துடிக்காது. தொகுதிகள் தொலையும், ரிசீவர் கடைசிக் கட்டளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அல்லது ஃபெயில்சேஃப் (தொடர்பு அற்றால் சேர்வோக்களை முன்பே குறித்த இடத்தில் வைக்கும் ஏற்பாடு) நிலைக்குப் போகும். முன்னறிகுறி எதுவும் காட்டாததால் இது எஃப்எம் துடிப்பைவிட ஆபத்தானது.

ஆகவே புதியவர் முதலில் பழக வேண்டியது, எதையும் மாற்றுவதற்கு முன் அளப்பது. எஞ்சின் நிற்கும்போது கட்டுப்பாடு எத்தனை காலடித் தூரம் எட்டுகிறது, ஓடும்போது எத்தனை காலடி எட்டுகிறது என்ற இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் இரைச்சல். அந்த எண்கள் கையில் இல்லாமல் ஃபெரைட் வளையம் (வயரில் வரும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டுவதும் பிளக் மாற்றுவதும் வீண் செலவு.

திருகோணமலையிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அங்கே சீனக்குடா விமானத்தளமும் கடற்படைத் துறைமுகமும் பக்கத்தில் இருக்கின்றன. மாதிரி விமானம் பறக்கவிடுவது சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டது. அனுமதியை எழுத்தில் பெறாமல் எதையும் வானில் ஏற்றாதீர்கள். கீழே வரும் சோதனைகள் எல்லாமே தரையில் செய்பவை. அவற்றையும் காணிச் சொந்தக்காரரிடம் கேட்டு, அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 30 சிசி எஞ்சினின் சத்தம் வெகுதூரம் கேட்கும்.

இது இக்னிஷன் இரைச்சல்தானா?

"இரைச்சல்" என்று வருகிற புகார்களில் பல வேறு கோளாறுகளாக முடிகின்றன. முதலில் அவற்றைத் தள்ளிவிடுங்கள்.

ரிசீவர் பற்றரி. எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு எல்லாக் குச்சிகளையும் ஒரே நேரத்தில் வேகமாக ஒரு நிமிடம் ஆட்டுங்கள். ரிசீவரின் விளக்கு அணைந்து எரிந்தாலோ, ஸ்பெக்ட்ரம் நிறுவன ரிசீவர்களில் விளக்கு மினுக்கத் தொடங்கினாலோ, அது மின்னழுத்தம் விழுந்து ரிசீவர் மறுபடி தொடங்கியதற்கான அடையாளம். மெல்லிய சுவிட்ச், பழைய நான்கு செல் பற்றரி, ஒரே வயரில் தொங்கும் பல டிஜிட்டல் சேர்வோக்கள் ஆகியவையே வழக்கமான காரணங்கள். பொறிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எஞ்சின் தானாக நிற்பது. பறக்கும்போது எஞ்சின் நின்றால் உடனே ரேடியோவைக் குறை சொல்லிவிடுகிறோம். இக்னிஷன் பற்றரி இறங்கியிருந்தாலும், பொறி விழ வேண்டிய நேரத்தைக் காந்தத்தால் அறியும் ஹோல் சென்சரின் மூன்று வயர் கனெக்டர் தளர்ந்திருந்தாலும் எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். அந்த வேளையில் மற்றச் சேர்வோக்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் பழி இக்னிஷனில், ரேடியோவில் அல்ல.

அதிர்வு. பெற்றோல் எஞ்சினின் அதிர்வு ரிசீவரின் கனெக்டரைத் தளர்த்தும், பழைய எஃப்எம் ரிசீவரின் கிறிஸ்டலை ஆட்டும், மோசமான சால்டர் இணைப்பைத் திறந்து மூடும். எஞ்சின் ஓடும்போது மட்டும் வருகிற கோளாறு என்பதால் பார்வைக்கு இக்னிஷன் இரைச்சல் போலவே இருக்கும். இரண்டையும் பிரிக்க நல்ல வழி ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எஞ்சின் ஓடாமல் பொறி மட்டும்

நோக்கம், அதிர்வு இல்லாமல் பொறியை மட்டும் உண்டாக்குவது. தேவையானவை: எஞ்சினில் இருப்பதே போன்ற இன்னொரு பிளக், 20 சென்ரிமீற்றர் நீளமான உரித்த செப்புக் கம்பி, தோல் கையுறை, மீடியம் வேவ் எடுக்கும் சிறிய ட்ரான்சிஸ்டர் ரேடியோ.

1. தாங்கியிலுள்ள பெற்றோலை முழுவதும் வடித்து, கலனை மூடித் தூரத்தில் வையுங்கள். காபரேற்றரில் மிஞ்சியது உலரும் வரை காற்றோட்டமான இடத்தில் கால் மணி நேரம் விடுங்கள்.

2. எஞ்சினிலுள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். அதன் மேல் மாட்டியிருக்கும் பிளக் வயரின் கெப்பை மட்டும் எடுங்கள். பிளக் துளை மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் இருக்கும் ஆவி அந்தத் துளை வழியே வெளியே வராது. அந்தப் பிளக்குக்கு மின் தொடர்பும் இல்லை, ஆகவே எஞ்சின் பற்றிக்கொள்ளவும் வழியில்லை.

3. மற்றப் பிளக்கைக் கெப்பில் அழுத்திப் பொருத்துங்கள். அதன் திருகுப் பகுதியில் செப்புக் கம்பியைச் சுற்றி, மறு முனையை எஞ்சினின் பூச்சில்லாத உலோகத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். காபரேற்றர் பக்கம் வேண்டாம்.

இந்த ஏர்த் இல்லாமல் இக்னிஷன் சுவிட்சைப் போடவே கூடாது. பொறி பாய வழி கிடைக்காவிட்டால் உயர் மின்னழுத்தம், பொறியை உண்டாக்கும் மின்பெட்டியான மொடியூலுக்குள்ளோ ஹோல் சென்சருக்குள்ளோ வழி தேடும். மொடியூல் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

4. ட்ரான்ஸ்மிட்டர், ரிசீவர், கடைசியாக இக்னிஷன் என்ற வரிசையில் போடுங்கள். கையுறையோடு புரொப்பெல்லரைச் சுண்டிச் சுழற்றுங்கள். புரொப்பெல்லர் பிடியிலுள்ள காந்தம் சென்சரைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் வெளிப் பிளக்கில் பொறி தெரிய வேண்டும்.

5. பொறி விழும் கணத்தில் ஏதாவது சேர்வோ உதறுகிறதா? டெலிமெற்றியில் (ரிசீவர் திருப்பி அனுப்பும் தகவல்) தொலைந்த தொகுதிகளின் எண்ணிக்கை ஏறுகிறதா? ஏறினால் காரணம் இரைச்சல்தான். பொறி எத்தனை தடவை விழுந்தாலும் எல்லாம் அமைதியாக இருந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கோளாறு வந்தால், அதிர்வைத் தேடுங்கள். ரிசீவரைச் சுற்றியுள்ள ஸ்பொஞ்சையும் கனெக்டர்களையும் சால்டர் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

6. இதே நிலையில் இன்னொருவர் ட்ரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, பிளக் வயரின் வழியே மெதுவாக நகர்த்தட்டும். பொறிக்கு ஒரு "டிக்". கெப்பின் அருகிலோ வயரின் ஒரு புள்ளியிலோ சத்தம் திடீரென உயர்ந்தால், கவசம் அங்கே விட்டிருக்கிறது. இது துல்லியமான அளவீடு அல்ல, ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். ஓடுகிற எஞ்சினின் அருகில் இதைச் செய்யக் கூடாது.

இருட்டிய பிறகு செய்தால் இன்னொரு பயனும் உண்டு. பிளக்கின் இடைவெளியைத் தவிர வேறெங்காவது நீல ஒளி தெரிந்தால் மின்சாரம் அங்கே கசிகிறது. மார்கழி, தை மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது இந்தக் கசிவு அதிகம். வெயில் காலத்தில் ஒழுங்காக ஓடிய எஞ்சின் அப்போது குளறுபடி செய்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எஞ்சின் ஓடும்போது தூரச் சோதனை

இடத் தெரிவு முக்கியம். உப்புவெளி, நிலாவெளி கடற்கரையோர விடுதிகளின் வைஃபை எல்லாம் 2.4 கிகா ஹேர்ட்ஸில்தான் ஓடுகிறது. அங்கே அளந்தால் எது எஞ்சினின் இரைச்சல், எது விடுதியின் இரைச்சல் என்று பிரிப்பது கடினம். அறுவடை முடிந்த தம்பலகாமம் வயல் போன்ற வெளி நல்லது. கடற்கரை மணலில் எஞ்சினை ஓட்டுவதும் கூடாது. புரொப்பெல்லர் கிளப்பும் மணல் காபரேற்றருக்குள் போகும்.

இருவர் தேவை. ஒருவர் விமானத்தோடு, ஒருவர் ட்ரான்ஸ்மிட்டரோடு. வாலைத் தரையில் அடித்த முளையில் கயிற்றால் கட்டுங்கள், சில்லுகளுக்கு முன்னால் கட்டை வையுங்கள். விமானத்தோடு இருப்பவர் புரொப்பெல்லருக்குப் பின்னால், இக்னிஷன் சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். புரொப்பெல்லரின் சுழற்சித் தளத்துக்கு நேரே எவரும் நிற்கக் கூடாது.

தொடங்குமுன் ஃபெயில்சேஃபைச் சரிபாருங்கள். எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு ட்ரான்ஸ்மிட்டரை அணையுங்கள், திரொட்டில் (எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வாயில்) முழுவதும் மூட வேண்டும். பழைய நிலையிலேயே நின்றாலோ திறந்தாலோ, அதைத் திருத்தாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள்.

பிறகு ட்ரான்ஸ்மிட்டரைத் தூரச் சோதனை நிலையில் போடுங்கள். அந்த நிலையில் அது வலுவைக் குறைத்து அனுப்பும். பெரும்பாலான கையேடுகள் ஏறத்தாழ 30 காலடி நடைக்குக் கட்டுப்பாடு நிலைத்திருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் செற்றின் கையேட்டில் உள்ள எண்ணே உங்களுக்குரியது. பழைய எஃப்எம் செற்றானால் ஏரியலை மடக்கி வைத்துச் செய்வார்கள்.

எஞ்சின் நிற்கும்போது, கட்டுப்பாடு தடுமாறத் தொடங்கும் வரை நடந்து காலடிகளை எண்ணி எழுதுங்கள். விமானத்தின் மூக்கு உங்களை நோக்கி இருக்கையில் ஒன்று, வால் நோக்கி இருக்கையில் ஒன்று, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று. பிறகு எஞ்சினைத் தொடங்கி, அதே இடத்தில், அதே உயரத்தில் வைத்த விமானத்தோடு மறுபடியும் எண்ணுங்கள். ஐட்லிங்கில் ஒரு முறை, பாதித் திரொட்டிலில் ஒரு முறை, முழுத் திரொட்டிலில் ஒரு முறை. முழுத் திரொட்டிலில் நீண்ட நேரம் ஓட்ட வேண்டியதில்லை, தரையில் நிற்கும் எஞ்சின் சூடேறும். மூக்குப் பக்கத்து அளவுக்கு எஞ்சின் ஓடும்போது நேர் முன்னால் நடக்காமல் நன்றாகச் சாய்வாக விலகி நடங்கள்.

நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ள அளவுகோல் இது: எஞ்சின் ஓடும்போது தூரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது. நிற்கும்போது 60 காலடி எட்டியது ஓடும்போது 55 என்றால் சரி. 50-க்கு வந்தால் காரணம் தேட வேண்டும். 40 என்றால் அந்த விமானத்தைப் பெட்டிக்குள் வையுங்கள்.

டெலிமெற்றி உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்எஸ்எஸ்ஐ எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அது ஏரியலில் எவ்வளவு வலுவாக வருகிறது என்று சொல்லுமே தவிர, வந்தது பிழையில்லாமல் வாசிக்கப்பட்டதா என்று சொல்லாது. வயர் வழியாக நுழையும் இரைச்சல் அதில் தெரியாமலே போகலாம். தொலைந்த தொகுதிகள், "ஹோல்ட்" எண்ணிக்கை (தொடர்பு அற்று ரிசீவர் உறைந்து நின்ற தடவைகள்) ஆகியவற்றைப் பாருங்கள். ஹோல்ட் ஒன்றுகூட வரக் கூடாது.

கவசமும் பிளக்கும்

இரைச்சல் இருக்கிறது என்று எண்கள் காட்டினால் தேட வேண்டிய முதல் இடம் பிளக் கெப். மற்ற எல்லாவற்றையும்விட இங்கே நேரம் செலவழியுங்கள்.

பற்றரியில் இயங்கும் சிடிஐ (மின்தேக்கியில் மின்சாரத்தைச் சேர்த்துப் பொறி விடும்) இக்னிஷனில் பிளக் வயரின் மேல் உலோகப் பின்னல் கவசம் ஒன்று இருக்கிறது. ஒரு முனை மொடியூலில், மறு முனை கெப்பின் உலோக ஓட்டில். கெப் பிளக்கின் அறுகோணத்தை இறுக்கிப் பிடிக்கும்போதுதான் கவசம் எஞ்சினோடு சேர்ந்து முழுமையாகிறது. இந்தக் கவசத்துக்கு இரண்டு வேலை. இரைச்சலை உள்ளே அடைத்து வைப்பது ஒன்று. பிளக்கில் பாய்ந்த மின்னோட்டம் மொடியூலுக்குத் திரும்பி வரும் பாதையும் அதுவே. கவசம் அறுந்தாலோ கெப் தளர்ந்தாலோ அந்த மின்னோட்டம் வேறு வழியில் திரும்பும்: சென்சர் வயர், திரொட்டில் கம்பி, எது கிடைக்கிறதோ அது. கெப் சிறிது தளர்ந்ததால் முழு விமானமே இரைச்சலில் மிதப்பது இதனால்தான்.

மல்டிமீற்றரை 200 ஓம் அளவில் வைத்து, முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு முதலில் மீற்றரின் சொந்தப் பிழையைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 0.2, 0.3 ஓம் காட்டும். பிறகு கெப்பின் உலோக ஓட்டுக்கும், மொடியூலுக்குள் போகிற இடத்தில் பின்னலுக்கும் இடையே அளவிடுங்கள். அந்தப் பிழையைக் கழித்தால் ஏறத்தாழ பூச்சியம் வர வேண்டும். வயரை வளைத்து வளைத்து, முக்கியமாகக் கெப்பை ஒட்டிய 3 சென்ரிமீற்றரை ஆட்டிப் பாருங்கள். எண் தாவினால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. அடுத்து கெப்பைப் பிளக்கில் மாட்டி, பின்னலுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளவிடுங்கள். அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே பூச்சில்லாத ஸ்குரூத் தலையில் முனையை அழுத்துங்கள். கெப்பைத் திருகிப் பார்க்கும்போதும் எண் மாறக் கூடாது.

கெப்பை மாட்ட நல்ல அழுத்தம் தேவைப்பட வேண்டும். விரலால் இழுத்ததும் சுலபமாக வந்துவிட்டால் அது தளர்ந்த கெப். உள்ளேயிருக்கும் வில்வளையம் இருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வளையம் இல்லாமலே ஓட்டிக்கொண்டிருக்கும் விமானங்கள் ஏராளம். கெப்புக்குள் கருமையான தூள் இருந்தால் அங்கே பொறி பாய்கிறது என்று பொருள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சில் கோடு போன்ற கரிக்கோடு தெரிந்தால் அந்தப் பிளக்கை வீசிவிடுங்கள். துடைத்தாலும் மின்சாரம் அதே தடத்தில் மறுபடி ஓடும்.

பிளக்கின் இடைவெளியையும் பாருங்கள். என்ஜிகே சிஎம்-6 பிளக் போடும் எஞ்சின்களில் வழக்கமாக 0.45 முதல் 0.5 மில்லிமீற்றர். தேய்ந்து அகன்றால் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படும். அதோடு இரைச்சல் கூடும், கெப்பின் காப்பும் சோதனைக்கு உள்ளாகும். பிளக்கின் இலக்கத்தைக் கையேட்டில் உள்ளபடியே வாங்குங்கள்.

செனோவா ஜி-26, ஜி-38, ஜி-62 போன்ற மக்னீற்றோ (பற்றரி இல்லாமல் சுழலும் காந்தத்தால் பொறி உண்டாக்கும்) எஞ்சின்களின் கதை வேறு. அவற்றின் பிளக் வயரில் பொதுவாகப் பின்னல் கவசம் இல்லை. அங்கே மின்தடைப் பிளக் அவசியம். இலக்கத்தின் எழுத்துகளில் ஆர் இருக்கும், பிபிஎம்ஆர்7ஏ என்பது போல. மத்திய முனைக்கும் மேல் முனைக்கும் இடையே மீற்றர் ஏறத்தாழ 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். அந்தத் தடை மின்னோட்டத்தின் திடீர் ஏற்றத்தை மட்டுப்படுத்துகிறது. மோட்டார் சைக்கிள், அவுட்போட் எஞ்சின் உதிரிப்பாகக் கடைகளில் 5 கிலோ ஓம் மின்தடைக் கெப்பும் கிடைக்கும், 14 மில்லிமீற்றர் திருகுப் பிளக்குகளுக்குப் பொருந்தும். மக்னீற்றோவை நிறுத்துவதற்கான வயர் சுருளிலிருந்து நேரே வருகிறது, ஆகவே அதுவும் இரைச்சலைச் சுமக்கிறது. அதன் நீளத்தைக் குறைவாக வைத்து, சுவிட்சை எஞ்சினுக்கு அருகிலேயே பொருத்துங்கள்.

வயர்களின் இடம்

கவசம் நன்றாக இருந்தும் தூரம் குறைந்தால் பிழை அமைப்பில். இக்னிஷன் சார்ந்த எல்லாம் முன்னே, ரேடியோ சார்ந்த எல்லாம் பின்னே, இடையில் குறைந்தது 30 சென்ரிமீற்றர். மொடியூல், அதன் பற்றரி, அதன் சுவிட்ச் முன்பக்கம். ரிசீவர், அதன் பற்றரி, சேர்வோக்கள் பின்பக்கம். இரு சுவிட்சுகளையும் உடலின் எதிரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள். இரு வயர்களையும் ஒரே கட்டாகக் கட்டுவதுதான் மிக மோசமான பிழை. கடந்தே ஆக வேண்டுமானால் செங்கோணத்தில் கடக்கட்டும். பற்றரி வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்குங்கள்.

இக்னிஷனுக்குத் தனிப் பற்றரி போடுங்கள். ஒரே பற்றரியில் வடிகட்டியோடு இரண்டையும் ஓட்டும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் புதியவருக்கு அவை வேண்டாம். பற்றரியின் மின்னழுத்தத்தை மொடியூலில் அச்சிட்டுள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். பழைய மொடியூல்கள் பல 4.8 முதல் 6 வோல்ற்றுக்கானவை. முழுதாக ஏற்றிய இரண்டு செல் லிப்போ (லிதியம் பொலிமர் பற்றரி) 8.4 வோல்ற்று, அது அவற்றைக் கருக்கிவிடும்.

திரொட்டில் இணைப்பு தனிக் கவனம் கேட்கிறது. எஞ்சினுக்கும் ரேடியோவுக்கும் நேரடிப் பாலம் அதுதான். உலோகக் கம்பி, உலோகக் கிளெவிஸ் (கம்பி முனைக் கவ்வி), உலோகக் காபரேற்றர் கை மூன்றும் சேர்ந்தால் இரைச்சல் அதன் வழியே உள்ளே நடந்து வரும். அதோடு, உலோகமும் உலோகமும் அதிர்ந்து உரசினால் அதுவே இன்னொரு இரைச்சல். நைலோன் தள்ளுகம்பி, நைலோன் பந்து இணைப்பு போடுங்கள். திரொட்டில் சேர்வோவை எஞ்சினின் முன்பலகையில் பொருத்தாமல் பின்னுக்குத் தள்ளுங்கள்.

குற்றவாளி அந்தச் சேர்வோவின் வயர்தானா என்று அறிய: எஞ்சின் நிற்கும்போது திரொட்டில் கையை ஐட்லிங்குக்குச் சற்று மேல் கம்பியால் கட்டி நிறுத்தி, சேர்வோவின் வயரை ரிசீவரிலிருந்து கழற்றுங்கள். எஞ்சினை ஓட்டி, தூரத்தை அளந்து, இக்னிஷன் சுவிட்சால் நிறுத்துங்கள். தூரம் மீண்டும் வந்துவிட்டால் வழி கண்டாயிற்று. ரேடியோவால் இக்னிஷனை நிறுத்தும் ஒளியிணைப்புச் சுவிட்ச் பொருத்தியிருந்தால் அதையும் தனியாகக் கழற்றி இதே போல் சோதியுங்கள். உள்ளே ஒளியால் பிரித்திருந்தாலும் இரு பக்க வயர்களும் சேர்ந்து ஓடினால் இரைச்சல் தாவிவிடும்.

ஃபெரைட் வளையம் இதற்குப் பிறகுதான். பழைய கணினித் திரைகளின் கேபிளில் இருக்கும் தடித்த கட்டியை உடைத்தால் கிடைக்கும். புதிதாக வாங்கினால் 43 என்ற வகை இந்த வேலைக்கு ஏற்றது. சேர்வோ வயரை வளையத்துக்குள் மூன்று நான்கு தடவை சுற்றி, ரிசீவர் முனைக்கு அருகில் வையுங்கள். தூண்டம் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஒரு சுற்றைவிட மூன்று சுற்று ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அறுந்த கவசத்தை இது ஈடு செய்யாது.

2.4 ஏரியலில் முனையிலுள்ள கவசமற்ற 31 மில்லிமீற்றர்தான் வேலை செய்கிறது. அதை நேராக வையுங்கள். இரண்டு ஏரியல் இருந்தால் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வையுங்கள். காபன் ஃபைபர், பற்றரி, எரிபொருள் தாங்கி ஆகியவற்றுக்கு விலகியிருக்கட்டும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அளந்து, எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அடுத்த தடவை கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கடல் காற்றுக்கு

திருகோணமலையில் இந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வருவதற்கு முக்கிய காரணம் உப்புக் காற்று. வள்ளங்களின் அவுட்போட் எஞ்சின் திருத்துபவர்கள் நாள்தோறும் பார்க்கும் அதே அரிப்புத்தான் பிளக்கின் அறுகோணத்திலும் கெப்பின் வில்வளையத்திலும் பின்னலின் முனையிலும் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமே கவசத் தொடர்பைக் கெடுக்கப் போதும்.

மாதம் ஒரு முறை, கடற்கரைக்கு அருகில் ஓட்டினால் ஒவ்வொரு தடவைக்குப் பிறகும், கெப்பைக் கழற்றுங்கள். அறுகோணத்தையும் கெப்பின் உள் உலோகத்தையும் 800 இலக்க அரத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்து உலரவிடுங்கள். மின்காப்புக் கிரீஸ் பூசுவதானால் உள்ளேயிருக்கும் இறப்பர் பகுதியில் மட்டும் மெல்லிதாகப் பூசுங்கள். உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் பூசக் கூடாது, அங்கே அது தொடர்பைத் தடுக்கும். பின்னல் பச்சை நிறமாகத் தொடங்கியிருந்தால் முழு வயரையும் மாற்றும் காலம் வந்துவிட்டது.

முன்பலகைத் துளையில் பின்னல் உரசாமல் இறப்பர் வளையம் போட்டு, வயர் எஞ்சினோடு சேர்ந்து அசையக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். வைகாசியிலிருந்து வீசும் கச்சானோடு புழுதியும் வரும். அந்தக் காலத்தில் கெப்பின் வாயைத் துடைத்த பிறகே மாட்டுங்கள், மாட்டியதும் மீற்றரால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.